வடக்கு வெளிச்சத்தில் ஒரு தூண்டில்

ஒரு தூண்டில் கோலையும் அதற்கு ஒரு ரீலையும் தேர்ந்தெடுக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட ஒரு சாயங்காலத்தில் முடிவு செய்துவிட்டேன். இதைக் கேட்பவர்கள் நான் பெரிய மீன்பிடிக்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த ஐந்து மாதத்தில் நான் ஒரு மீனைக்கூடப் பிடிக்கவில்லை, பிடிக்க நினைக்கவும் இல்லை. ஒரு மனிதரிடம் போய் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு வாய் வராமல்தான் கோல் வாங்கக் கிளம்பினேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் செலக்டர். இருபத்திரண்டு வருடமாக என் வேலை குறை கண்டுபிடிப்பது. மேசைமேல் தோல் வரும். தடவிப் பார்ப்பேன், மடித்துப் பார்ப்பேன், சில சமயம் முகர்ந்தும் பார்ப்பேன். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, கத்தி பட்ட இடம், பூச்சு கிளம்பிய கொப்புளம், எது கண்ணில் பட்டாலும் சட்டைப் பையிலிருந்து சில்வர் பேனாவை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். வட்டம் விழுந்த தோலுக்கு அப்புறம் யார் வந்து வாதாடினாலும் பலிக்காது.

நிறம் பார்ப்பதற்கு மட்டும் எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. வடக்கு ஜன்னல் ஓரமாகத்தான் பார்க்க வேண்டும், அதுவும் பகல் மூன்று மணிக்குள். வடக்கிலிருந்து வரும் வெளிச்சத்தில் வெயில் நேராக விழாது, நிறம் ஏமாற்றாது. மூன்று மணிக்கு மேல் மேசைக்கு வந்த லாட் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான். ட்யூப்லைட்டில் நிறம் பார்த்தான் என்று தெரிந்தால் அந்த செலக்டரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். சொல்லிக்கொடுப்பதில் நான் என்றைக்குமே கெட்டிக்காரன்.

பாய் எங்கள் ஃபினிஷிங் பிரிவில் சூப்பர்வைசர். தோலுக்குக் கடைசி நிறம் ஏற்றி அனுப்பும் இடம் அது. அவர் அனுப்புவார், நான் பார்ப்பேன். அவரை நான் பாய் என்பேன், அவர் என்னைத் தோஸ்த் என்பார். நேரில் எங்களுக்குள் நீ, வா, போதான். இங்கே எழுதும்போது அவர் என்று வருவதற்குக் காரணம், நான் செய்த காரியத்துக்குப் பிறகு அவன் என்று எழுதக் கை கூசுகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு டிபன் பாக்ஸ், ஒரு போன். போனில் அமெரிக்காக்காரர் ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு, ஏரியில் படகில் நின்று பாஸ் என்கிற மீனைப் பிடிப்பார். தூண்டிலை அவர் வீசுவதைப் பார்த்தால் நம் தோள்பட்டையும் சேர்ந்து அசையும். இழுத்து, மீனைக் கையில் தூக்கி, அதற்கு ஒரு முத்தமும் கொடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். பாய்க்கு அது மட்டும் தாங்காது. "அப்ப இன்னாத்துக்குப் புடிச்சான்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

நம் பக்கத்து ஏரிகளில் பாஸ் கிடையாது. விரால் உண்டு. குணத்தில் இரண்டும் பங்காளிகள்தான் என்பது பாயின் கட்சி. இலைக்கு அடியில் பதுங்கிக்கொண்டு, மேலே தவளை குதித்தால் பாய்ந்து விழுங்குகிற ஜாதி. ஆகவே அந்த மீனுக்கு வாங்குகிற கோல் இந்த மீனுக்கும் சரிப்படும். "ஒரே ராடு, ஒரே ரீலு. எல்லாத்துக்கும் ஆவுற மாதிரி ஒண்ணு. ரெண்டு பேரும் சேந்து வாங்கிடலாம் தோஸ்த்," என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதுவரை மூங்கில் குச்சியும் மண்புழுவும் வைத்து மீன் பிடித்தவர். அந்தத் தொப்பிக்காரர் மாதிரி ஒரு தடவையாவது தூர வீசிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

போன கார்த்திகையில் ஒரு நாள் மகளைக் காட்பாடியில் பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டு மழையில் நனைந்தபடி தொழிற்சாலைக்கு வந்தேன். மணி ஐந்து. மேசைமேல் பாய் அனுப்பிய லாட் இருந்தது. முந்நூறு தோல், காபிப் பொடி நிறம், மறுநாள் கண்டெய்னரில் ஏற வேண்டிய சரக்கு. நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அரை நாள் லீவு போட்டவன் வேலையையும் தள்ளிப்போட்டான் என்ற பேச்சு வரக்கூடாது என்று நினைத்தேன். யாரோ ட்யூப்லைட்டைப் போட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒப்புக்கொண்ட சாம்பிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், லாட் லேசாகப் பச்சையடித்தது. பேனாவை எடுத்தேன். முந்நூறும் ரிஜெக்ட்.

மறுநாள் காலை மனசு உறுத்தியது. ஒரு தோலின் ஓரத்தில் உள்ளங்கை அளவு வெட்டி, பத்து மணிக்கு வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். சாம்பிளும் அதுவும் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தன. அதற்குள் மேனேஜர் கத்தி முடித்திருந்தார். பாயை லைம் யார்டுக்கு மாற்றியாயிற்று. லாட்டைக் கறுப்பாக்கச் சொல்லி ட்ரம்மில் போட்டும் ஆயிற்று. நிறம் தவறிய தோலையெல்லாம் எங்கள் ஊரில் கறுப்பாக்கிவிடுவார்கள். கறுப்பு எந்தக் குறையையும் மூடிவிடும், என்னுடையதையும் மூடியது. வெட்டிய துண்டை டிராயரின் அடியில் போட்டுப் பூட்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்குகிற இடம் லைம் யார்டு. அந்த நாற்றம் எந்தச் சோப்புக்கும் அடங்காது. பதினெட்டு வருடம் வெள்ளைச் சட்டையோடு ஃபினிஷிங்கில் நின்றவர் முழங்கால் வரை கம் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றார். மதியம் பழைய இடத்துக்கு அவர் சாப்பிட வருவதில்லை. நாற்றத்துக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் வருகிறாரா என்று பார்க்க நான் அங்கே இல்லை. அன்றைக்கே என் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு செலக்‌ஷன் ரூமுக்குள் போய்விட்டேன். வழியில் எதிரே வந்தால் "வணக்கம் சார்" என்பார். இருபது வருடத் தோஸ்த் ஒரே நாளில் சார் ஆனது எனக்கு வலித்தது. வலித்தது என்று யாரிடம் சொல்வது?

பொங்கல் கழிந்து ஒரு நாள் யோசனை உதித்தது. அவர் ஆசைப்பட்ட கோலை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு அழைத்துப் போய், மீன் கிடைத்த சந்தோஷத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம். நல்ல கோலாக இருந்தால் சொல்வது சுலபம். மிக நல்ல கோலாக இருந்தால் சொல்லாமலே விட்டுவிடலாம். இந்த இரண்டாவது நினைப்பை அப்போது நான் எனக்கே காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் வேலூருக்குப் போனேன். கிரிக்கெட் மட்டையும் கேரம் போர்டும் விற்கிற கடையில் மூலையில் தூண்டில் சாமான்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி ஒரு ராடு வேண்டும் என்றேன். கடைக்காரர் ரேடியோ ஏரியல் போல இழுத்தால் நீளுகிற ஒன்றை எடுத்துக்கொடுத்தார். ஏரிக்கு ஆகும், ஆற்றுக்கு ஆகும், கடலுக்கும் ஆகும் என்றார். கடலுக்குமா என்று கேட்டேன். "கடலுக்கு நீங்க எங்க சார் போவப்போறீங்க?" என்றார். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வடக்கு எது என்று பார்த்துத் திரும்பி நின்று, தடவிப் பார்த்தேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து என் பின்னாலேயே வந்து நின்றார். நான் ராடோடு ஓடிவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். இணைப்புக்கு இணைப்பு பூச்சின் பளபளப்பு மாறியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு படிக்க ஆரம்பித்தேன். படிப்பு என்றால் வீடியோ. எல்லாவற்றுக்கும் ஒரே கோல் என்றால் ஆறரை அடியிலிருந்து ஏழடிக்குள், இரண்டாகக் கழற்றுகிற மாதிரி இருந்தால் போதும் என்றார்கள். ரொம்ப விறைப்பாக இருந்தால் லேசான இரை தூரம் போகாது, ரொம்பத் துவண்டால் பாசிக்குள் புகுந்த மீனை இழுக்க முடியாது. ஆக நடுத்தர விறைப்பு, நுனி மட்டும் சட்டென்று வளைந்து சட்டென்று நிமிர வேண்டும். ரீல் இரண்டாயிரத்து ஐந்நூறு என்ற எண் போட்டது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் அதுதான் சரி என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. மீன் இழுக்கும்போது ரீலில் சுற்றியிருக்கிற தூண்டில் நரம்பு திக்காமல் வழுக்கிக் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு திருகு உண்டு. இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த வகை ரீலில் சுற்றுகிற கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டலாம். பாய் இடதுகைக்காரர். ஸ்ப்ரே கன்னையே இடது கையில் பிடிப்பவர். அவருக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

ரீல் ஒரே தடவையில் அமைந்துவிட்டது, காதோடு வைத்துச் சுற்றிப் பார்த்தேன், சத்தமே இல்லை. கோல்தான் படுத்தியது. ஆன்லைனில் வந்த முதல் கோலைத் தொழிற்சாலைக்கே எடுத்துப் போய் வடக்கு ஜன்னலில் பார்த்தேன். மேல் பாதியின் கறுப்பும் கீழ் பாதியின் கறுப்பும் வேறு வேறு. ஒரே லாட்டில் செய்தது இல்லை. திருப்பி அனுப்பினேன். இரண்டாவதில் கார்க் கைப்பிடியில் இருந்த பள்ளங்களை ஏதோ பசை வைத்து நிரப்பியிருந்தார்கள். மட்டமான தோலுக்கு நாங்களே தினம் செய்கிற வேலை அது, எங்களிடமேவா? திருப்பி அனுப்பினேன். மூன்றாவதில் நரம்பு ஓடுகிற வளையங்கள் நூல் பிடித்த மாதிரி நிற்கவில்லை, ஒன்று மயிரிழை விலகியிருந்தது. மீன் அதைக் கவனிக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் கவனித்துவிட்டேனே.

ஒவ்வொரு கோலும் போகும்போது உள்ளே ஒரு நிம்மதி வந்தது. இன்னும் பத்து நாள் பாயிடம் பேச வேண்டாம்.

என் மனைவிக்கு விஷயம் தெரியாது. மூன்றாவது பெட்டியை நான் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்களே, அப்ப எந்த வெளிச்சத்துல பாத்தீங்க?" என்று கேட்டாள். ஆறரை மணி, அவர்கள் வீட்டுக் கூடத்து ட்யூப்லைட் என்பது எங்கள் இருவருக்குமே நினைவிருந்தது. பெட்டிக்கு டேப்பை ஒட்டினேன்.

நான்காவது கோல் வந்தது. காலை பத்தரை மணிக்கு வடக்கு ஜன்னலில் நுனியிலிருந்து தடவிக்கொண்டு வந்தேன். நிறம் ஒன்று, கார்க் சுத்தம், வளையங்கள் நேர். கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே வார்னிஷில் கடுகளவு கொப்புளம். அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, இருபத்திரண்டு வருடப் பழக்கம்தான் பொறுப்பு. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சில்வர் பேனா, அழகான சிறு வட்டம். தோலில் என்றால் துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். வார்னிஷில் அது போகவில்லை. ஸ்பிரிட் போட்டேன், வார்னிஷ்தான் மங்கியது.

திருப்பி எடுத்துப் போக வந்தவர் வாசலிலேயே நின்று கோலை உருட்டிப் பார்த்தார். "இன்னா சார், மார்க் போட்டு வச்சிருக்கீங்க. இத எடுக்க மாட்டாங்க," என்றார். அவர் பார்த்த விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம். அரை நொடி, ஒரு உதட்டுச் சுழிப்பு, முடிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் சரக்கு ரிஜெக்ட் ஆனது. அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு கோலோடு வாசலிலேயே நின்றேன். திருப்பி அனுப்ப இனி வழியில்லை, பாயைப் பார்த்தாக வேண்டும்.

மறுநாள் இடைவேளையில் கோலை உறையோடு அக்குளில் இடுக்கிக்கொண்டு லைம் யார்டுக்குப் போனேன். ஏழு மாதத்தில் அந்தப் பக்கம் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பாய் தொட்டி ஓரத்தில் நின்றிருந்தார். உறையிலிருந்து நான் கோலை உருவியதும் அவர் கண் ஒரு கணம் பழையபடி ஆனது. கையை நீட்டியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "கை நாறுது சார்," என்றார். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா, அணைக்கட்டு பக்கம் ஒரு ஏரி இருக்கிறது, மீன் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்த்தாரோ தெரியாது. "காலையில பஜர் தொழுதுட்டு வர்றேன்," என்றார். அதில் சார் இல்லை என்பதை நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை நினைத்துக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் என் பின்னால் கோலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். ஏரியில் தண்ணீர் கம்மியாகத்தான் இருந்தது, நடுவே தாமரை இலைகள். கோலைப் பூட்டி ரீலை மாட்டினேன். கைப்பிடியை முந்தின நாளே வலது பக்கம் மாற்றி வைத்திருந்தேன். இடது கையில் கோலைப் பிடித்தவர் வலது கையைத் தூக்கியதும் கைப்பிடி அங்கேயே இருந்தது. அதை ஒரு நிமிடம் பார்த்தார். முதல் வீச்சில், இரைக்குப் பதிலாக மாட்டிய ரப்பர் தவளை எங்கள் தலைக்குப் பின்னால் விழுந்தது. இரண்டாவதில் நரம்பு சிக்கிக்கொண்டு அரை மணி நேரம் பிரித்தோம். பத்துப் பன்னிரண்டு வீச்சு ஆனதும் தவளை தூரத்தில் இலை ஓரமாகப் போய்ச் சரியாக உட்கார்ந்தது. பாய் சத்தம் வராமல் சிரித்தார்.

மீன் ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லா மீனுக்கும் ஏற்ற கோல் என்றார்கள், அன்றைக்கு எல்லா மீனும் அதை ஒரே மாதிரிதான் மதித்தன. மீன் கிடைத்த சந்தோஷத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்வது என்ற என் திட்டம் ஒன்பது மணிக்கெல்லாம் பாழாய்ப் போயிற்று. வெயில் ஏறியது. கைமாற்றிப் பிடித்தபோது பாயின் கட்டைவிரல் அந்த இடத்தில் நின்றது.

"இன்னா இது, வட்டம்?"

"வார்னிஷ்ல ஒரு கொப்புளம்," என்றேன்.

விரலால் தடவினார். ஃபினிஷிங்காரர் விரல், கொப்புளத்தைக் கண்டுபிடித்துவிட்டது. "எத்தினி மணிக்குப் பாத்தே?"

"காலையில பத்தரை. வடக்கு ஜன்னல்ல."

"அப்ப செரியாத்தான் இருக்கும்," என்றார். திரும்பி நின்று மறுபடி வீசினார்.

தவளை தண்ணீரில் குதித்துக் குதித்துக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. அது கரையேறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அந்த லாட்ட நான் சாயங்காலம் பாத்தேன் பாய். வெளிச்சமே இல்ல. மறுநா காலையில பாத்தேன், கலர் கரெக்டா இருந்துச்சு. தப்பு என்னுது."

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும். அன்னிக்கி ஒனக்கு ட்யூப்லைட்டு போட்டதே நான்தானே. மழையில நனைஞ்சிக்கினு வந்தே. சீக்கிரம் முடிச்சிட்டு வூட்டுக்குப் போவட்டும்னு போட்டேன்."

யாரோ போட்டார்கள் என்றுதான் ஏழு மாதமாக என் நினைவில் இருந்தது. குறையென்றால் கடுகளவையும் விடாத கண்ணுக்கு, பக்கத்தில் நின்று விளக்குப் போட்ட ஆள் தெரியவில்லை. மேனேஜர் கத்தியபோது பாய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எனக்கு வேலை போயிருக்கும். அந்த வார்த்தையைச் சொல்லாமல் கம் பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏரித் தண்ணீரில் இறங்கி நின்றுகொள்ளலாமா என்றிருந்தது.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

தவளையைத் தூக்கி, ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டார். "காலையிலயே சொல்லிடு தோஸ்த். மூணு மணி தாண்டுச்சுன்னா ஒனக்குக் கண்ணு மாறிப்போயிடுது."

பத்து மணிக்குச் சொன்னேன். டிராயரைத் திறந்து துண்டை எடுத்து, சாம்பிளோடு சேர்த்து வடக்கு ஜன்னலில் வைத்தேன். மேனேஜர் இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தை நினைத்து என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. பாயை ஃபினிஷிங்குக்குத் திரும்ப அழைத்தார்கள், அவருடைய கம் பூட்ஸை எனக்குக் கொடுத்தார்கள். லைம் யார்டில் நிறம் பார்க்கிற வேலை கிடையாது. பூட்ஸ் எனக்கு ஒரு அளவு பெரிது.

முதல் நாள் மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பம்ப் ரூமுக்குப் பின்னால் ஆளில்லாத இடமாகப் போய் உட்கார்ந்தேன். மூடியைத் திறக்கும்போது செருப்புச் சத்தம் கேட்டது. பாய், சலவைச் சட்டையோடு, ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் போன். பழையபடி முட்டி இடிக்கிற மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தோள் பக்கம் குனிந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்து, "ரிஜெக்ட்டு," என்றார். தள்ளி உட்காரவில்லை.